படகு என்ஜின் அலறினால் பதற வேண்டாம்

மலை அணைகளில் மோட்டார் படகு ஓட்டுவோரும் அதில் ஏறுவோரும் அறிய வேண்டியவை

மூணாறிலிருந்து 13 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள மாட்டுப்பெட்டி அணைக்கு விடுமுறை நாட்களில் வந்து குவியும் கூட்டத்தில் பெரும்பகுதி தமிழ் பேசும் கூட்டம்தான். தேனி, மதுரை, கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வருவோர் ஒருபுறம். தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தாலுகாக்களின் தோட்டங்களிலிருந்து விருந்தினரை அழைத்து வருவோர் மறுபுறம். பாலக்காடு மாவட்டத்தில் மலம்புழா அணையிலும் இதே காட்சிதான். இந்த நீர்த்தேக்கங்களில் வேகப் படகில் ஏறிக் காற்று முகத்தில் அடிக்க ஒரு சுற்று வராமல் யாரும் திரும்புவதில்லை.

அந்தப் படகின் பின்பலகையில் மாட்டியிருக்கும் என்ஜினைப் பயணிகள் கவனிப்பதில்லை. அது ஒழுங்காக ஓடும்வரை கவனிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நடு அணையில் அந்த என்ஜின் திடீரென்று 'கீ' என்று விடாமல் கத்தத் தொடங்கினால் என்ன செய்வது? டிரைவர் முகம் மாறுகிறது. குழந்தைகள் பயப்படுகிறார்கள். என்னவென்று பார்க்க நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்து பின்னால் வருகிறார்கள். என்ஜின் கத்தியதால் யாரும் சாவதில்லை. படகில் எல்லோரும் எழுந்து ஒரு பக்கம் சாய்வதுதான் ஆபத்து.

தேக்கடி தந்த பாடம்

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ந் தேதி தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை இந்தப் பகுதி மக்கள் மறக்கவில்லை. இறந்தவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. படகில் இருந்தவர்கள் 80 பேருக்கு மேல். கரையில் தென்பட்ட வன விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்தது என்று உயிர் தப்பியவர்கள் கூறினர். அன்று என்ஜினில் கோளாறு எதுவும் பேசப்படவில்லை. படகின் அமைப்பு, ஏற்றப்பட்ட ஆட்கள், அவர்கள் இடம் மாறியது ஆகியவைதான் பேசப்பட்டன. அப்போது பயணிகள் மிதவைச் சட்டை அணிந்திருக்கவும் இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகு 2010ல் கேரளத்தில் உள்நாட்டுப் படகுகளுக்கான விதிகள் வந்தன. 1917ஆம் ஆண்டின் பழைய மத்திய சட்டத்துக்குப் பதிலாக 2021ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நிறைவேறியது. படகைப் பதிவு செய்தல், தகுதிச் சோதனை, ஓட்டுபவருக்குச் சான்றிதழ், உயிர்காப்புச் சாதனங்கள் எல்லாம் இவற்றில் அடங்கும். என்றாலும் 2023 மே 7ந் தேதி மலப்புரம் மாவட்டம் தானூரில் மற்றொரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது; படகில் இருப்பவர்களின் பழக்கத்திலும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

என்ஜினின் அபாய ஒலியும் அத்தகைய பழக்கங்களில் ஒன்று. அது என்ன சொல்கிறது என்று தெரிந்தவர் பதறுவதில்லை. டிரைவர் பதறாத படகில் பயணிகளும் எழுந்து ஓடுவதில்லை.

ரேடியேட்டர் இல்லாத என்ஜின்

பெரிய சுற்றுலாப் படகுகளில் டீசல் என்ஜின் படகின் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். சிறிய வேகப் படகுகளில் இருப்பது பின்பலகையில் வெளியே தொங்கும் 'அவுட்போர்டு' மோட்டார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909ல் இதை வியாபார ரீதியில் வெற்றி பெறச் செய்தார். கேரளக் கடற்கரையின் வள்ளங்களில் இது 1980களில் வேகமாகப் பரவியது. அங்கே கை தேர்ந்த மெக்கானிக்குகள் பலர் உண்டு. மலை அணைகளிலோ கோளாறு வந்தால் பெரும்பாலும் டிரைவரே மெக்கானிக்.

காருக்கும் இந்த மோட்டாருக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு ஒன்றுதான். காரில் ரேடியேட்டர் இருக்கிறது. படகு மோட்டாருக்கு அணைத் தண்ணீரே ரேடியேட்டர். தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் காலில் சல்லடை போன்ற துளைகள் உண்டு. அவற்றின் வழியே 'இம்பெல்லர்' என்ற ரப்பர் சக்கரம் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு புகையோடு வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பங்கு மட்டும் என்ஜினின் பக்கத்துத் துளை வழியாக மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். இந்தத் தாரைதான் டிரைவருக்கு நாடித் துடிப்பு. தாரை நின்றால் என்ஜினுக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று பொருள்.

பழைய சிறிய மோட்டார்கள் பலவற்றில் அபாய ஒலி எழுப்பும் பஸ்ஸரே கிடையாது. அவற்றில் எச்சரிக்கை மணியும் இந்தத் தாரையேதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளும் டிரைவர் பாதி மெக்கானிக் என்று சொல்லிவிடலாம்.

ஒலி என்ன சொல்கிறது?

புதிய மோட்டார்களில் சாவியைத் திருப்பியதும் ஒரு முறை 'பீப்' என்று ஒலித்து அடங்கும். இது கோளாறு அல்ல. பஸ்ஸர் உயிரோடு இருக்கிறது என்பதற்கான சோதனை. ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒலிக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். பஸ்ஸரோ அதன் ஒயரோ செத்துவிட்டது. ஆபத்து வரும்போது சொல்ல ஆள் இல்லை. அப்படிப்பட்ட படகைத் துறையை விட்டு நகர்த்தக்கூடாது.

ஓடும்போது எழும் ஒலிக்குப் பொதுவாக நான்கு காரணங்கள்: என்ஜின் சூடேறிவிட்டது; ஆயில் குறைந்துவிட்டது அல்லது ஆயில் அழுத்தம் போய்விட்டது; பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டது; பாட்டரி மின்சாரம் சரியில்லை. விடாமல் ஒலிப்பது எதற்கு, விட்டு விட்டு ஒலிப்பது எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனியின் மோட்டாரில் பழகியவர் மற்றொன்றில் அதே கணக்கைப் போட்டால் தவறிவிடுவார். மோட்டாரோடு வரும் கைப்புத்தகத்தில் உள்ள அட்டவணையை ஒரு தாளில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, ஸ்டியரிங் அருகில் ஒட்டிவைப்பது பத்து ரூபாய்ச் செலவில் முடியும் காரியம்.

அபாய ஒலி எழுந்ததும் பல மோட்டார்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'இழுவை போய்விட்டது' என்று நினைத்து டிரைவர் மேலும் முறுக்குவது பெரிய தவறு. என்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு அது.

முதல் ஒரு நிமிடம்

ஒலி கேட்டதும் முதலில் வேகத்தைக் குறைத்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவதாக, மூடியைத் திறக்கும் முன்பே பயணிகளிடம் பேச வேண்டும். "ஒன்றுமில்லை ஐயா, என்ஜினைச் சற்று ஆறவிடுகிறேன். எல்லோரும் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். அம்மா, குழந்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற இரண்டு வார்த்தை போதும். பேசாமல் பின்னால் குனிந்து நோண்டும் டிரைவர்தான் கூட்டத்தை எழுப்பி விடுகிறார்.

மூன்றாவதாக, படகு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்க்க வேண்டும். மலைக் காற்று நின்ற படகைச் சும்மா விடாது. பாறைக்கோ, அணைச் சுவருக்கோ, மதகுப் பக்கமோ ஒதுங்கினால் துடுப்பை எடுக்க வேண்டும். நீர்த்தேக்கங்களில் ஆழம் அதிகம். நங்கூரம் எல்லா இடத்திலும் தரை தொடாது. ஆகவே மோட்டார் எவ்வளவு புதியதானாலும் துடுப்பு இல்லாமல் படகு எடுக்கக்கூடாது.

அடுத்து, தண்ணீர்த் தாரையைப் பார்க்க வேண்டும். தாரை இல்லை என்றால் உடனே என்ஜினை நிறுத்திவிட வேண்டும். தாரை வருகிறது, ஆனால் ஒலி நிற்கவில்லை என்றால் பலகையில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டும். ஆயில் விளக்கு எரிந்தால் அப்போதும் தாமதிக்காமல் நிறுத்த வேண்டும். சூட்டில் சில நிமிடம் தாங்கும் என்ஜின்கூட ஆயில் இல்லாமல் தாங்காது.

தாரை நின்றால்

மலை அணைகளில் இதற்கு முதல் காரணம் பாசியும் பிளாஸ்டிக் பையும்தான். ஆப்பிரிக்கப் பாயல், ஆகாயத் தாமரை ஆகிய மிதக்கும் செடிகள் கேரள நீர்நிலைகளுக்குப் பழைய சனியன்கள். ஆப்பிரிக்கப் பாயலைத் தின்று அழிக்க 1980களில் ஒரு சிறிய வண்டையே கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. செடியோ பையோ உறிஞ்சும் துளைகளை மூடினால் தண்ணீர் மேலே ஏறாது. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து, சிக்கியதை எடுத்துவிட்டால் போதும். என்ஜின் ஓடும்போது புரொப்பெல்லர் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது.

துளைகள் சுத்தமாக இருந்தும் தாரை வரவில்லை என்றால், தாரை வெளியேறும் சிறு துளையே அடைத்திருக்கலாம். சில நாள் ஓடாமல் கிடந்த மோட்டாரில் மண் குளவி கூடு கட்டிவிடும். மெல்லிய கம்பியால் குத்தினால் அடைப்பு நீங்கும். அதற்கும் அசையவில்லை என்றால் இம்பெல்லர் கெட்டிருக்க வேண்டும். அதைத் தண்ணீர் நடுவில் மாற்ற முடியாது. உதவிப் படகைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்துக் கரை சேர்வதே சரி.

இம்பெல்லர் ரப்பரால் ஆனது. தண்ணீர்தான் அதற்கு வழவழப்பு. கரையில் தூக்கி வைத்த மோட்டாரை 'ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்' என்று வெறுமனே ஓட்டினால் சில விநாடிகளிலேயே அதன் இதழ்கள் தேயத் தொடங்கும். கோடையில் மலம்புழாவில் தண்ணீர் இறங்கிக் கரையோரம் சேறாகும்போது, ஆழமில்லாத இடத்தில் ஓட்டினால் சேறும் மணலும் உள்ளே போய் அதை அரத்தால் ராவியதுபோல் ராவிவிடும். கடுமையாக உழைக்கும் படகில் ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஒரு இம்பெல்லரின் விலை, ஜாம் ஆன என்ஜினைப் பிரித்துப் பூட்டும் செலவில் ஒரு சிறு துளிகூட ஆகாது.

தாரை நன்றாக வந்தும் சூட்டு விளக்கு எரிந்தால், தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கதவு திறக்காமல் சிக்கியிருக்கலாம். இதுவும் கரையில் பார்க்க வேண்டிய வேலை. கொதிக்கும் என்ஜின்மேல் அணைத் தண்ணீரை அள்ளி ஊற்றுவது மிகத் தவறு. சூடான உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். மூடியைத் திறந்து தானாக ஆறவிட வேண்டும்.

ஆயிலும் பெட்ரோலும்

டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும். தனி ஆயில் டாங்க் உள்ளவற்றில் அது குறைந்ததும் ஒலி எழும். நிரப்பினால் சரியாகிவிடும். போர் ஸ்ட்ரோக் மோட்டாரில் ஆயில் கீழே தேங்கி நின்று சுற்றி வரும். அதில் ஒலி எழுந்தால் என்ஜினை நிறுத்தி, மோட்டாரை நேராக நிறுத்தி, சிறிது நேரம் கழித்து அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் ஒலித்தால் ஆயில் பம்பில் கோளாறு இருக்கலாம். மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு வருவதே புத்திசாலித்தனம்.

மழைக்காலத்தில் மலை மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடும் நாட்களில் படகுகள் துறையில் கட்டிக் கிடக்கும். பாதி காலியான டாங்கில் ஈரக்காற்று புகுந்து நீராகப் படியும். இந்தியாவில் பெட்ரோலுடன் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2025ல் எட்டப்பட்டது. எத்தனால் தண்ணீரை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். என்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். மழை ஓய்ந்து முதல் சவாரியில் என்ஜின் திணறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வழியில் உள்ள நீர் பிரிக்கும் வடிகட்டியைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தால் அடியில் தனியாக நிற்பது தெரியும். அப்படியிருந்தால் டாங்கை முழுவதும் வடித்துப் புதிய பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

ஒலி எதுவும் இல்லாமல் என்ஜின் அணைந்தால், டாங்க் மூடியில் காற்றுப் போகும் திருகு மூடியிருக்கிறதா, பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் குமிழ் தளர்ந்திருக்கிறதா, டிரைவர் உடலில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு கழன்றதா என்ற மூன்றையும் பார்த்தால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும். அந்தக் கயிறு தொல்லை என்று கட்டாமல் விடுபவர்கள் உண்டு. டிரைவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் என்ஜினை நிறுத்துவது அதுதான். கட்டாத படகு ஆளில்லாமல் சுற்றி வந்து விழுந்தவர்மேலேயே ஏறும்.

மலை ஏறினால் மூச்சு குறையும்

மாட்டுப்பெட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று லேசாகும். என்ஜினும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி குறையும் என்பது பொதுக் கணக்கு. மலம்புழாவில் 40 குதிரைச் சக்தி தரும் மோட்டார் மாட்டுப்பெட்டியில் 33 அளவில்தான் இழுக்கும். கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் பெட்ரோல் விகிதம் கூடி, பிளக் கரி பிடித்துக் கறுக்கும்.

சமவெளியில் ஆறு பேரை ஏற்றிப் பறந்த படகு இங்கே நாலு பேருக்கே முக்கும். டிரைவர் முழு வேகத்துக்கு முறுக்கியபடியே சவாரி மேல் சவாரி அடித்தால் சூட்டு ஒலி எழுவதில் வியப்பில்லை. பளுவைக் குறைப்பதும், இந்த உயரத்துக்கு ஏற்றபடி குறைந்த பிட்ச் உள்ள புரொப்பெல்லர் மாட்டுவதும், சவாரிகளுக்கு இடையில் என்ஜினுக்கு இளைப்பாற நேரம் கொடுப்பதும்தான் வழி.

நூற்றாண்டு கடந்த மரக்கட்டைகள்

தேக்கடியின் தொல்லை வேறு. 1895ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் மூழ்கிய காட்டு மரங்களின் கட்டைகள் இன்னும் ஏரியில் நிற்கின்றன. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குத் தண்ணீர் போகப் போக மட்டம் இறங்கும். 142 அடியில் ஆழத்தில் இருந்த கட்டை, மட்டம் இறங்கிய நாளில் நீர்ப்பரப்புக்கு ஒரு சாண் கீழே மறைந்து நிற்கும். வெளியே தெரியும் கட்டையைவிட இதுதான் ஆபத்து. அணையைப் பார்வையிடச் செல்லும் தமிழக அதிகாரிகளும் பெரும்பாலும் இதே ஏரியில் படகேறித்தான் போக வேண்டும்.

கட்டையில் இடித்த மோட்டார் உடனே நிற்காமல் ஓடலாம். ஆனால் புரொப்பெல்லர் இதழ் வளைந்தால் நடுக்கம் எடுக்கும். கியர் காலின் சீல் உடைந்தால் தண்ணீர் உள்ளே போகும். கியர் ஆயிலைத் திறந்து பார்க்கும்போது அது பால் கலந்த காப்பிபோல் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மீன்வலையின் நைலான் நூல் புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்டாலும் இதே கதிதான். இதற்குப் பஸ்ஸர் ஒலிக்காது. கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

பரம்பிக்குளத்தில் ஓடும் மூங்கில் தெப்பங்களுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. துடுப்புப் போடும் கை சோர்ந்தால் வாயால் சொல்லிவிடும்!

ஒயரை அறுப்பவர்கள்

சில நேரம் ஒலி பொய்யாகவும் இருக்கும். சென்சார் கெட்டோ, ஒயர் துருப்பிடித்தோ, பாட்டரி முனை தளர்ந்தோ காரணமில்லாமல் கத்தலாம். இதில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. இரண்டு முறை பொய்யாகக் கத்திய பஸ்ஸரின் ஒயரை மூன்றாவது முறை பிடுங்கிவிடும் பழக்கம் படகுத் துறைகளில் மட்டுமல்ல, மோட்டார் ஓடும் இடமெல்லாம் உண்டு. சீசன் நாளில் வரிசை நீண்டு நிற்கிறது, ஒரு சவாரி போனால் வருமானம் போகிறது, பயணிகளோ அவசரப்படுத்துகிறார்கள். ஒயரைப் பிடுங்கினால் அமைதி. ஆனால் அடுத்த முறை உண்மையாகவே சூடேறும்போதும் அதே அமைதிதான். பிஸ்டன் பிடித்துக்கொண்டு என்ஜின் நிற்கும்போதுதான் விஷயம் தெரியும்.

ஒலி உண்மையா பொய்யா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய இடம் கரை. தண்ணீர் நடுவே அல்ல. பொய் என்று நிரூபணமாகும்வரை அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏறுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு

என்ஜினைப் பார்ப்பது டிரைவர் வேலை என்றாலும் பயணிகள் செய்யக்கூடியதும் இருக்கிறது. மிதவைச் சட்டையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிப் பட்டியைக் கட்ட வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். "நம்ம வீட்டுப் பிள்ளைதானே, மடியில் உட்காரட்டும்" என்று கூடுதலாக ஏற்றச் சொல்லக்கூடாது. யானை தெரிந்தாலும், என்ஜின் கத்தினாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழக்கூடாது. டிரைவர் பாதியில் நிறுத்திவிட்டு மற்றொரு படகைக் கூப்பிட்டால், காசு வீண் என்று சண்டை பிடிக்கக்கூடாது. அன்றைய தினம் அந்தத் துறையில் ஒழுங்காக வேலை பார்த்தவர் அவராகத்தான் இருக்கும்.

எல்லைப்புறத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் சுற்றுலாத் தொழிலை நம்பிப் பிழைக்கிறார்கள். படகு ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு நில்லாமல், மோட்டாரைப் பிரித்துக் காட்டி, ஒவ்வோர் ஒலிக்கும் பொருள் என்ன என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லித் தரும் சிறு பயிற்சிகளைத் துறைக்குத் துறை நடத்தலாம். மழைக்காலத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும் நாட்களே அதற்குத் தோதான நாட்கள்.